பூ பார்த்து வெட்டுவது: குவில்ட்டில் ஃபஸி கட்டிங், முழுமையான வழிகாட்டி

ஒரு மீட்டர் துணியை மேசையில் விரித்து ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டே போனால் துணி வீணாகாது. அதில் இருக்கும் மயிலின் கழுத்து ஒரு துண்டிலும் தோகை இன்னொரு துண்டிலும் போய்விடும், அவ்வளவுதான். குவில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சுப் படலம் வைத்துத் தைக்கும் விரிப்பு) தைப்பவர்கள் செய்யும் ஃபஸி கட்டிங் இதற்கு நேர் எதிர். முதலில் மயிலைப் பார்க்கிறோம். அது துண்டின் நடுவில் முழுசாக உட்காரும்படி வெட்டுகிறோம். சுற்றியிருக்கும் துணி என்ன ஆகும் என்பதை அப்புறம்தான் யோசிக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தைக்கிறோம். எங்களுக்குள் இதற்குப் பேர் “பூ பார்த்து வெட்டுறது.”

என் அம்மாவுக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. டர்பனில் ஆயத்த ஆடை ஃபேக்டரிகள் நிறைய ஓடிய காலத்தில் அவர் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். பக்கத்திலேயே கட்டிங் மேசை. அச்சுகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, இடையில் ஒரு விரல் அகலம்கூட மிஞ்சாமல் வெட்டுவதைத் தினமும் பார்த்தவர். புதுத் துணியின் நடுவில் நான் போட்ட ஓட்டைகளைப் பார்த்ததும், “எலி கடிச்ச மாதிரி பண்ணி வெச்சிருக்கியேம்மா” என்றார். அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் மிஞ்சும் துணியை என்ன செய்வது என்பதையும் கடைசியில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் நாம் காசு கொடுத்து வாங்குவது மீட்டர் கணக்கை அல்ல, அந்த மயிலைத்தான். இது மனதில் பதிந்துவிட்டால் கத்தரி தயங்காது.

நம் ஊர்க் கதை ஒன்றும் இதற்குள் இருக்கிறது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து, பழவேற்காடு, மசூலிப்பட்டினம் வழியாக, கலம்காரிப் பூத்துணி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே அதற்கு ஏற்பட்ட மோகத்தில் உள்ளூர் நெசவாளர்கள் போராடினார்கள். பிரான்ஸ் 1686இல் அந்தத் துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் போட்ட தடை 1774 வரை நின்றது. அப்படிக் கிடைப்பதற்கு அரிதான துணியில் மிஞ்சிய துண்டுகளைக்கூட அங்கிருந்த பெண்கள் விடவில்லை. ஒவ்வொரு பூவையும் பறவையையும் விளிம்போடு வெட்டி எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்துப் படுக்கை விரிப்பு செய்தார்கள். பூ பார்த்து வெட்டும் பழக்கத்துக்கு அது ஒரு மூத்த உறவு. நம் கரையின் பூக்களுக்காகப் பிறந்த வேலை என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

என்னென்ன வேண்டும்

நல்ல கத்தரி, 45 மி.மீ. ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி), வெட்டும் பாய், இஞ்ச் கோடு போட்ட கண்ணாடி ஸ்கேல் (ஆறரை இஞ்ச் சதுரம் போதும்), பழைய பிளாஸ்டிக் ஃபைல் கவர் ஒன்று, தடித்த அட்டை, மாஸ்கிங் டேப், குண்டூசி, துவைத்தால் போகும் பேனா. ரோட்டரி கட்டர் இல்லாதவர்கள் கத்தரியாலேயே செய்யலாம். எங்கள் குழுவில் எழுபது தாண்டிய ஆயா ஒருவர் இன்றைக்கும் கத்தரிதான். எங்களில் சுத்தமாக வெட்டுபவர் அவர்தான்.

தென்னாப்பிரிக்காவில் துணி மீட்டரில் விற்கிறார்கள், குவில்ட் கணக்கு இஞ்சில் ஓடுகிறது. இரண்டையும் கலந்துதான் இங்கே எழுதுகிறேன். நம் எல்லார் வீட்டிலும் டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் செ.மீ.தானே.

துணியைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகைத் துணி இங்கே எளிதாகக் கைக்கு வருகிறது. மூன்றின் குணமும் வேறு.

முதலாவது ஷ்வேஷ்வே. லெசோத்தோவின் அரசர் முதலாம் மொஷ்வேஷ்வேக்கு 1840களில் பிரெஞ்சு மிஷனரிகள் அவுரி நீலத் துணியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் பேரே துணிக்கு ஒட்டிக்கொண்டது. முழுப் பருத்தி. நீலச் சாயம் ஏற்றிய துணியில், செப்பு உருளை வழியாக அமிலத்தை வைத்து நிறத்தை எடுத்துத்தான் வெள்ளைப் பூ வருகிறது. அதனால் கோடுகள் ஊசிமுனை மாதிரி கூர்மையாக இருக்கும். மூன்று பூனை முத்திரை போட்ட அச்சு முதலில் மான்செஸ்டரில் ஓடியது. கிழக்குக் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் இருக்கும் ட காமா டெக்ஸ்டைல்ஸ் 1992இல் அதன் உரிமையை வாங்கி, செப்பு உருளைகளையும் இங்கே கொண்டுவந்தது. துணியின் பின்பக்கத்தில் முத்திரை இருக்கும். தொட்டால் அட்டை மாதிரி விறைப்பு. நாக்கு நுனியில் வைத்தால் உப்புக் கரிக்கும். பழைய ஆட்கள் அப்படித்தான் அசலைக் கண்டுபிடிப்பார்கள். ஷ்வேஷ்வேயில் பெரும்பாலும் சின்னச் சின்ன வட்டம், வைரம், நட்சத்திரம், பூ. அறுகோணத் துண்டுக்கு இதைவிட நல்ல துணி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயம்: இதன் அகலம் 90 செ.மீ.தான். வெளிநாட்டு குவில்ட் கணக்கெல்லாம் 110 செ.மீ. துணிக்குப் போட்டது. அதை அப்படியே நம்பி வாங்கினால் பாதியில் துணி தீர்ந்துபோகும்.

இரண்டாவது ஆப்பிரிக்க வாக்ஸ் பிரிண்ட், அதாவது மெழுகு அச்சுத் துணி. பெரிய பறவை, மீன், விசிறி, இலை எல்லாம் துணிச்சலான நிறங்களில் இருக்கும். ஒரே உருவம் துண்டு முழுக்க நிற்க வேண்டும் என்றால் இதுதான். மெழுகு விரிசல் விழுந்த உண்மையான வாக்ஸ் பிரிண்ட்டில் ஒரு பறவை மாதிரி இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. ஒன்றில் மஞ்சள் இறகு கொஞ்சம் நகர்ந்திருக்கும், இன்னொன்றில் கண்ணில் விரிசல் ஓடியிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஆறு துண்டும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டிய வேலைக்கு இது ஒத்துவராது.

மூன்றாவது நம் பெட்டியில் மடித்துக் கிடக்கும் பழைய புடவை. கரையில் அன்னம், மயில், மாங்காய், ருத்திராட்சம், கோபுரம் என்று உருவங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஐந்தரை மீட்டர் புடவையில் 15 செ.மீ.க்கு ஒரு அன்னம் என்றால் ஒரு கரையில் மட்டும் 36 அன்னம். வேறெந்தத் துணியிலும் இவ்வளவு கிடைக்காது. பட்டை எப்படிக் கையாள்வது என்று பின்னால் வருகிறேன்.

எந்தத் துணியானாலும் வாங்கும் முன் கடையிலேயே ஒரு ஜன்னல் அட்டை வழியாகப் பார்த்துவிடுங்கள்.

ஜன்னல் அட்டை

இந்த வேலையின் உயிர் இந்த அட்டையில் இருக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தைத்து முடித்த பிறகு துண்டு எந்த அளவில் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நான்கு இஞ்ச் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். தடித்த அட்டையில் நாலரை இஞ்ச் சதுரம் வரைந்து வெட்டுங்கள். அதற்குள் நாலு பக்கமும் கால் இஞ்ச் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, நடுவில் நான்கு இஞ்ச் சதுரத்தைப் பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள். கையில் மிஞ்சுவது கால் இஞ்ச் சட்டம் போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் தெரிவது மட்டும்தான் குவில்ட்டில் தெரியும். சட்டம் மறைப்பதெல்லாம் தையலுக்குள் போய்விடும். அட்டையின் வெளி விளிம்புதான் வெட்டும் கோடு.

நான் முதன்முதலில் செய்தபோது இந்த அட்டை எனக்குத் தெரியாது. நான்கு இஞ்சுக்குள் மயில் அழகாக அடங்கியது, நான்கு இஞ்சே வெட்டினேன். தைத்துத் திருப்பிப் பார்த்தால் ஆறு மயிலுக்கும் கொண்டை இல்லை. ஆறும் மொட்டைத் தலையோடு என்னைப் பார்த்தன. கடைக்குத் திரும்பப் போனேன். அந்தத் துணி தீர்ந்துவிட்டிருந்தது. அந்த ஆறு துண்டும் இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு முதலில் அவற்றைத்தான் காட்டுகிறேன்.

ஜன்னலைத் துணிமேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். உருவம் ஜன்னலை இடிக்காமல், சுற்றிலும் இன்னொரு கால் இஞ்ச் காற்று இருந்தால் நல்லது. இலை நுனி வெட்டுப்பட்டால் பரவாயில்லை, கண் அதை ஏற்றுக்கொள்ளும். அலகு, கண், துதிக்கை, கால் விரல் வெட்டுப்படவே கூடாது. அப்புறம், நடு என்பது ஸ்கேல் காட்டும் நடு இல்லை. யானை இடது பக்கம் பார்த்து நடக்கிறது என்றால், அதைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள். முகத்துக்கு முன்னால் நடக்க இடம் வேண்டும். அளந்து சரியாக நடுவில் வைத்தால் யானை சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். பூவுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். பூவின் நடு துண்டின் நடுவில் நின்றால் சரி.

எத்தனை கிடைக்கும்: எண்ணும் முறை

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். துணியில் யானை இருக்கிறது என்பதற்காக அதை வெட்டி எடுக்க முடியும் என்று அர்த்தமில்லை. பக்கத்து யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். 90 செ.மீ. அகலத் துணி. ஒரு யானையின் நடுவிலிருந்து அடுத்த யானையின் நடுவுக்கு 10 செ.மீ. ஒரு வரிசைக்கு ஒன்பது யானை. நமக்கு ஒன்பது யானை வேண்டும். சரி, ஒரே வரிசை போதும் என்று தோன்றும். ஆனால் நம் துண்டு நாலரை இஞ்ச், அதாவது 11.4 செ.மீ. ஒரு யானையை வெட்டினால் பக்கத்து யானைக்குத் தையல் இடம் போய்விடும். ஆகவே ஒன்று விட்டு ஒன்றுதான் எடுக்க முடியும். ஒன்றாவது யானையின் நடு துணி ஓரத்திலிருந்து 5 செ.மீ.யில் இருக்கிறது, நமக்கு 5.7 வேண்டும். அதனால் அதுவும் போச்சு. கடைசி யானைக்கும் அதே கதி. மிஞ்சுவது இரண்டு, நான்கு, ஆறு, எட்டு: வரிசைக்கு நான்கே யானை.

வரிசைக்கு வரிசை 12 செ.மீ. இடைவெளி இருந்தால் மேலும் கீழும் இடிக்காது. ஒன்பது யானைக்கு மூன்று வரிசை, 36 செ.மீ. கடையில் வெட்டிக் கொடுக்கும்போது முதல் வரிசையின் தலையில் கத்தரி போயிருக்கலாம். அதற்காக ஒரு வரிசை கூட்டினால் 48. துவைத்தால் சுருங்கும், அதற்கும் சேர்த்து 60 செ.மீ. வாங்குங்கள். இதில் மூன்று யானையாவது உபரியாகக் கிடைக்கும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், ஒன்றுக்குக் கடைசியில் வேலை இருக்கிறது.

சில துணிகளில் வரிசைகள் செங்கல் அடுக்கு மாதிரி மாறி மாறி இருக்கும். அப்போது எண்ணிக்கை மனக்கணக்கில் வராது. ஜன்னல் அட்டையையே வைத்து, வெட்டுவது போலவே நகர்த்தி, எடுக்க முடிகிற ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்திக்கொண்டே போங்கள். ஊசியை எண்ணினால் போதும்.

துவைத்துக் கஞ்சி போடுவது

ஷ்வேஷ்வேயில் ஆலையிலேயே போட்ட விறைப்பு இருக்கிறதே, அப்படியே வெட்டலாமே என்று தோன்றும். வெட்ட சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் சலவையில் விறைப்பு போய்த் துணி சுருங்கும், நீலச் சாயமும் இறங்கும். பக்கத்தில் வெள்ளைத் துணி இருந்தால் அதன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் தெளிந்து வரும் வரை அலசுங்கள். ஈரத் துணியை வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்திப் பார்த்து, கறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் நிழலில் காயப் போட வேண்டும்.

காய்ந்தபின் கஞ்சி. பூ பார்த்து வெட்டும்போது இழை பார்த்து வெட்ட முடியாது. பூ சாய்ந்திருந்தால் நாமும் சாய்த்துத்தான் வெட்டுவோம், அப்போது விளிம்பு கிராஸாக வரும். கிராஸ் விளிம்பு கைபட்டாலே இழுத்துக்கொண்டு போகும். அதைக் கட்டுப்படுத்துவது கஞ்சிதான். ஒரு மேசைக்கரண்டி மெய்சீனா சோள மாவை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் இரண்டு கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஆறவைத்து வடிகட்டி, தெளிப்பான் புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். துணியின் பின்பக்கம் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். தேய்த்தால் பூ கோணும்.

டர்பன் வெக்கையில் கஞ்சி போட்ட துணியை மாசக்கணக்கில் வைக்காதீர்கள். ஃபிஷ்மாத் என்று இங்கே சொல்லும் வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து. வெட்டும் வாரத்தில் போட்டு, குவில்ட் முடிந்ததும் துவைத்துவிட வேண்டும்.

வெட்டுவது

கண்ணாடி ஸ்கேலின் அடிப்பக்கத்தில், ஒரு மூலையை ஒட்டி, மாஸ்கிங் டேப்பால் நாலரை இஞ்ச் சதுரத்தைக் கட்டம் கட்டுங்கள். மூலைக்கு மூலை பேனாவால் கோடு போட்டால் நடுப்புள்ளி கிடைக்கும். அதை யானை வயிற்றின் மேல் வைத்து, தள்ள வேண்டிய அளவு தள்ளி, முதலில் ஸ்கேலின் இரண்டு விளிம்பிலும் வெட்டுங்கள். பிறகு துண்டைத் திருப்பி, வெட்டிய விளிம்பை டேப் கோட்டுக்கு நேராக வைத்து மற்ற இரண்டு பக்கமும் வெட்டுங்கள். துணி நடுவில் இருக்கும் உருவத்துக்கு ரோட்டரி கட்டரை ஓட்டினால் மூலை தாண்டிப் பக்கத்து யானையைக் கீறிவிடும். மூலைக்கு அரை இஞ்ச் முன்னாலேயே நிறுத்தி, மிச்சத்தைக் கத்தரியால் வெட்டுங்கள்.

ஒருமுறைக்கு ஒரு படலம்தான். நான்கு மடிப்பு போட்டு வெட்டினால் மேலே இருக்கும் யானை சரியாக வரும், கீழே இருப்பது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் வேலை: ஒன்பது யானைச் சுவர் குவில்ட்

ஒவ்வொரு யானைக்கும் சுற்றிலும் இரண்டு இஞ்ச் சட்டம். சட்டத்துக்கு ஒரே நிறத் துணி அல்லது தூரத்திலிருந்து ஒரே நிறமாகத் தெரியும் பொடிப் புள்ளி எடுங்கள். பூவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய பூ வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கத்தி அடக்கும். இவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டிய உருவத்துக்கு அமைதியான பக்கத்து வீடு வேண்டும்.

சட்டத் துணியில் இரண்டரை இஞ்ச் அகலத்தில் பட்டை வெட்டுங்கள். ஒரு யானைக்கு நாலரை இஞ்ச் நீளத்தில் இரண்டு, எட்டரை இஞ்ச் நீளத்தில் இரண்டு. 90 செ.மீ. துணியில் ஒரு பட்டை ஒரு யானைக்குச் சரியாக வரும். ஒன்பது பட்டைக்கு 57 செ.மீ. ஆகும், 70 வாங்கினால் நிம்மதி. குட்டைப் பட்டைகளை யானையின் இடமும் வலமும் தைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் நீளப் பட்டைகளை மேலும் கீழும் தையுங்கள். தையல் கால் இஞ்சுக்கு ஒரு நூல் குறைவாக இருந்தால், இஸ்திரி போட்டபின் அளவு சரியாக எட்டரை வரும். தையலை இருட்டு நிறத் துணிப் பக்கம் மடக்குங்கள். வெளிர் நிற யானைப் பக்கம் மடக்கினால் அடியில் கோடு நிழல் போலத் தெரியும்.

ஒன்பதையும் மூன்றுக்கு மூன்றாக வைத்து, இடையிலும் வெளியிலும் இரண்டு இஞ்ச் பட்டை கொடுத்தால் முழுக் குவில்ட் 32 இஞ்ச் சதுரம். சுவருக்கு அளவானது. தொட்டிலுக்கும் போதும். தைக்கும் முன் தரையில் பரப்பி நின்று பாருங்கள். யானைகள் எல்லாம் ஒரே பக்கம் நடந்தால் ஊர்வலம் போல இருக்கும். சுவருக்கு அது அழகு. கட்டிலுக்குத் தைப்பதானால் யானைகளில் பாதி அந்தப் பக்கம் இருப்பவருக்கும் நேராகத் தெரியட்டும்.

அறுகோணப் பூ: ஆறும் ஒன்றாக

இனி எனக்கு மிகவும் பிடித்த வேலை. நடுவில் ஒரு அறுகோணம், சுற்றி ஆறு. ஆறிலும் ஒரே இடத்துப் பூ, ஒரே கோணத்தில். நடுவைப் பார்த்து எல்லாம் திரும்பி நிற்கும்போது துணியில் இல்லாத ஒரு புதுக் கோலம் பிறக்கும். மார்கழிக் காலையில் புள்ளி வைத்துக் கோடு சேர்த்ததும் திடீரென்று தாமரை தெரியுமே, அந்தச் சந்தோஷம்தான்.

பக்கம் ஒன்றரை இஞ்ச் உள்ள அறுகோணம் எடுத்துக்கொள்வோம். எதிர்ப் பக்கங்களுக்கு இடையே 2.6 இஞ்ச், எதிர் முனைகளுக்கு இடையே 3 இஞ்ச் வரும். இந்த அளவில் ஏழு காகிதம் வெட்டிக்கொள்ளுங்கள். பழைய வாழ்த்து அட்டை நல்லது. ஃபைல் கவர் பிளாஸ்டிக்கில் இதைவிடச் சுற்றிலும் கால் இஞ்ச் பெரிதாக ஒரு அச்சு வெட்டி, உள்ளே தையல் கோட்டையும் வரையுங்கள்.

இப்போது நுட்பமான இடம். அச்சைத் துணிமேல் வைத்துப் பிடித்த பூவைத் தேர்ந்தெடுத்ததும், அந்தப் பூவின் இரண்டு மூன்று கோடுகளைப் பிளாஸ்டிக் மேலேயே பேனாவால் வரைந்துவிடுங்கள். ஒரு இதழின் விளிம்பு, ஒரு தண்டு, ஒரு புள்ளி. அடுத்த துண்டுக்குத் துணியில் அதே பூவைத் தேடி, பிளாஸ்டிக்கில் வரைந்த இதழ் துணியின் இதழ்மேல் அப்படியே விழும்படி வையுங்கள். நூல் பிசகாமல் விழ வேண்டும். ஷ்வேஷ்வேயின் கூர்மையான கோடு இங்கேதான் கை கொடுக்கும், அரை மி.மீ. விலகினாலும் உடனே தெரிந்துவிடும். நடுவைப் பார்க்கும் பக்கத்தில் அச்சில் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அதே பக்கத்தில் புள்ளி வையுங்கள். இல்லையென்றால் தைக்கும்போது எது நடுவுக்கு என்று குழம்பும்.

வெட்டும் முன்பே கோலம் எப்படி வரும் என்று பார்க்க ஆசையாக இருக்கும். அதற்குச் சின்னக் கண்ணாடி இரண்டை எடுத்து, ஒரு பக்கம் டேப் ஒட்டிப் புத்தகம் போலத் திறந்து, 60 பாகை கோணத்தில் துணிமேல் நிறுத்துங்கள். ஆறு இதழ்க் கோலம் கண்ணாடிக்குள் தெரியும். ஆனால் கவனம்: கண்ணாடி காட்டுவது பிம்பம். ஒரு இதழ் இடப்பக்கம் சாய்ந்தால் பக்கத்து இதழை அது வலப்பக்கம் சாய்த்துக் காட்டும். நாம் வெட்டும் ஆறு துண்டும் ஒரே பக்கம்தான் சாயும், காற்றாடி மாதிரி. இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கும் பூவை நடுக்கோட்டில் வைத்தால் மட்டும் கண்ணாடியில் பார்த்ததே கையிலும் வரும். மாங்காய் போன்ற வளைந்த உருவம் சுழலும். எனக்கு அந்தச் சுழல் இன்னும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

தைப்பது சுலபம். காகிதத்தைத் துண்டின் பின்னால் நடுவாக வைத்து, கால் இஞ்ச் விளிம்பை மடக்கி, பெரிய ஓட்டுத் தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் சேர்த்து, மடிப்பு ஓரத்தில் இரண்டு மூன்று இழையை மட்டும் குத்தி, இஞ்சுக்கு 12 தையலுக்குக் குறையாமல் சுற்றித் தையுங்கள். ஊசி காகிதத்தைக் குத்தக் கூடாது. ஒரு பக்கம் தைக்கும் முன் பூக்கோடு பூக்கோட்டோடு சேர்கிறதா என்று குண்டூசி குத்திப் பாருங்கள். கைத்தையலில் ஒரு நூல் முன்பின் நகர்த்திச் சரி செய்துவிடலாம். மெஷினில் இந்தச் சுதந்திரம் கிடையாது. எல்லாப் பக்கமும் சூழப்பட்ட துண்டின் காகிதத்தை மட்டும் உருவிக்கொண்டே போகலாம்.

பட்டுப் புடவை

பழைய பட்டு மடிப்பில் விட்டிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் ஒளி கசிந்தால் அந்த இடம் வேண்டாம். நல்ல இடமாகப் பார்த்து, வெட்டும் முன்பே பின்னால் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டிவிடுங்கள். சூடு குறைவாக, மேலே ஒரு மல் துணி போட்டு, முதலில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு. கேன்வாஸ் ஒட்டியபின் பட்டு வழுக்காது, பிசிறாது. ஜரிகை கத்தியை மழுக்கும், அதற்கென்று பழைய பிளேடு ஒன்றை ஒதுக்கி வையுங்கள். பட்டு சேர்த்த குவில்ட்டைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்த முடியாது, சுவருக்கு மட்டும். கஞ்சியும் போட வேண்டாம்.

என் ஆயாவின் அரக்குப் புடவையை நான் மேசையில் விரித்தபோது கை நடுங்கியது உண்மை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, “பொட்டிக்குள்ள இருந்தா பூச்சிதான் கட்டிக்கும். வெட்டும்மா” என்றார். கரையிலிருந்து ஏழு அன்னம் எடுத்தேன். முந்தானையைத் தொடவில்லை.

குவில்ட் தையல்

உள்ளே வைக்கும் பஞ்சுப் படலமாக மெல்லிய பருத்தி வாடிங் போதும், நம் வெப்பத்துக்கு அதுவே அதிகம். மூன்று படலத்தையும் சேர்த்துப் பிடித்தபின், உருவத்தின் மேல் தையல் ஓட்டாதீர்கள். யானையின் விளிம்பை ஒட்டி வெளியே ஒரு சுற்று, அதிலிருந்து கால் இஞ்ச் தள்ளி இன்னொரு சுற்று. தையல் அழுத்திய இடம் தாழ்ந்து, தைக்காத யானை உப்பி முன்னால் வரும். முகத்தின் குறுக்கே ஒரு கோடு போனால் இத்தனை நேரம் பார்த்துப் பார்த்து வெட்டியது வீண்.

ஓட்டை விழுந்த துணி

இதில் எனக்கு வழி காட்டியது அம்மாதான். சல்லடை மாதிரி கிடந்த துணியை எடுத்து வெளிச்சத்தில் விரித்தார். ஓட்டைகளுக்கு நடுவில் நீளவாக்கில் எங்கே முழுத் துணி ஓடுகிறது என்று விரலால் அளந்தார். ஃபேக்டரிக் கண் அது. முழு நீளப் பட்டைகளை முதலில் எடுத்தார், ஓரங்களை மூடும் பைண்டிங் பட்டைக்கு ஆகும் என்று. 32 இஞ்ச் குவில்ட்டுக்குச் சுற்றளவு 128, மூலைக்கும் ஒட்டுக்கும் சேர்த்து 140 இஞ்ச் வேண்டும். இரண்டேகால் இஞ்ச் அகலத்தில் துண்டு துண்டாக இருந்தாலும் கிராஸாக ஒட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து, பாதி யானை, தனி வால், தனி இலை இருந்த இடங்களில் சின்ன அறுகோணங்கள். மிஞ்சிய ஒல்லி நாடாக்களை ஒரு பழைய துணிமேல் சாய்வாக அடுக்கித் தைத்துச் சதுரமாக்கினார். கையளவுக்கும் குறைவானது மட்டும் ஊசிமெத்தைக்குள் போனது.

அந்த உபரி யானைகள் ஞாபகம் இருக்கிறதா? அவற்றில் ஒன்றைக் குவில்ட்டின் பின்பக்கம், கீழ் மூலையில் நாலு பக்கமும் மடக்கித் தைத்துவிடுங்கள். அதன் வயிற்றுக்குக் கீழே, துவைத்தாலும் போகாத பேனாவால் உங்கள் பேர், ஊர், முடித்த தேதி. எங்களுடையதில் என் பேருக்குப் பக்கத்தில் அம்மா பேரும் இருக்கிறது.